முதல் சம்சாரம்

பெருமாநல்லூரிலிருந்து திருப்பூர் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் கழுத்தில் கம்பெனி அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சாதாரணமாகச் சொன்னாள்:

“எங்க ஊட்டுக்காரரு மொத சம்சாரத்தைக் கொன்னவருன்னு ஒரு மாசம் நம்பிட்டிருந்தேனுங்க்கா.”

மூத்தவள் திடுக்கிட்டாள். “என்ன கண்ணு சொல்ற?”

“ஆமாங்க. அவரு யாரு எவரு, முன்னாடியே கண்ணாலம் ஆனவரான்னுகூடத் தெரியாமத்தான் கட்டிக்கிட்டேன். கண்ணாலம் முடிஞ்சப்புறம்தான் பக்கத்தூட்டுக்காரி சொன்னா, மொதவளைக் கெணத்துல தள்ளி உட்டுட்டாருன்னு. அவரும் ஞாயித்துக்கிழமையானா சொல்லாம எங்கியோ போயிருவாரு. அருவாமனையைக் கட்டிலுக்கடியில வெச்சுக்கிட்டுத்தான் படுப்பேனுங்க.”

“அப்புறம்?”

“ஒரு ஞாயித்துக்கிழமை அவரு பின்னாடியே போனேன். சாமளாபுரத்துல ஒரு ஊடு. எட்டிப் பாத்தா, படுத்த படுக்கையாக் கெடந்த ஒரு அம்மாவுக்குச் சோறு ஊட்டிட்டிருந்தாரு. உள்ள போனப்புறம்தான் தெரிஞ்சுது, அவங்க மொதவளோட அம்மான்னு. ‘எம்புள்ள வலிப்பு வந்து கெணத்துல உழுந்துட்டா. மாப்ளதான் குதிச்சுத் தூக்கினாரு, உசுரு இல்லை’ன்னு என் கையப் புடிச்சுட்டு அழுதாங்க. இப்ப வாராவாரம் நானும் கூடப் போறேன்.”

“இதை அவரு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?”

“நானும் அதேதான் கேட்டேனுங்க. ‘சொல்லியிருந்தா என்னையக் கட்டியிருப்பியா?’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“கட்டியிருக்க மாட்டேன்னுதான் சொன்னேன்.” அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “சொல்லாததே நல்லதாப் போச்சுங்க்கா.”