ஞாயிற்றுக்கிழமைப் பகுதி

தேத்தண்ணியை ஆறவிடாமல் குடியுங்கள், போதகர் ஐயா. சீனி கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மனுசி இல்லாத வீடு.

நீங்கள் இந்தச் சபைக்குப் புதிது. அதனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேதத்தை வாசிக்கிறவன் மட்டுமல்ல, அன்றைய பகுதியை அன்றைக்கே கைக்கொள்கிறவன். தியானப் புத்தகம் ஒரு அதிகாரத்தை இரண்டு நாளைக்குப் பிரித்துத் தந்தால் அந்த அளவுதான். ஒரு வசனம் முந்தவும் மாட்டேன், பிந்தவும் மாட்டேன்.

இரண்டு அங்கி உள்ளவன் ஒன்றைக் கொடுக்கட்டும் என்று வந்த நாளில் என் மனுசி செல்லத்தங்கத்தின் கூறைச் சேலையைக் கொடுத்தேன். மறுகன்னத்தைக் காட்டச் சொன்ன நாளில் அவள் தம்பி நிரோசனுக்கு ஒன்று போட்டுவிட்டு, "மற்றதையும் காட்டடா" என்றேன். அவனும் பழகவேண்டாமா? வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் இதையெல்லாம் சாட்சியாகச் சொல்வேன். சபை அல்லேலூயா சொல்லும். செல்லத்தங்கம் மட்டும், "உங்கட வேதமெல்லாம் என்ட தலையிலதான் விடியுது" என்பாள். விசுவாசக் குறைவு.

டிசம்பர் இருபத்தாறு, நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு. பகுதி, பத்துக் கன்னிகைகள். ஐந்து பேர் எண்ணெய் இல்லாமல் வாங்க ஓடுகிறார்கள், மணவாளன் வருகிறார், கதவு அடைபடுகிறது. வழக்கம்போல் மேல்மாடியில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து செல்லத்தங்கத்தின் குரல் வந்தது.

"இஞ்சருங்க, அடுப்புக்கு மண்ணெண்ணெய் முடிஞ்சிட்டு. பக்கத்துக் கடை றபீக்காட்டப் போய் ஒரு போத்தல் வாங்கிற்று வாறன்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஐயா. வசனம் இவ்வளவு பொருந்தி வந்தது அதற்கு முன் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கடல் தென்னை உயரத்துக்கு எழும்பி வருவதைக் கண்டேன். படியிறங்கிப் போய், மாடிப்படியின் கிறில் கேற்றைச் சாத்தி ஆமைப்பூட்டைப் போட்டேன். பயத்தில் பூட்டவில்லை. பயந்தவன் பூட்டாமல் மேலே ஓடியிருப்பான். நான் பூட்டை இழுத்தும் பார்த்தேன்.

இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். றபீக்காதான் கேற்றைப் பிடித்து உலுப்பினாள். "அண்ணன், தொறங்க. அக்காவும் நிக்கா. அல்லாக்காகத் தொறங்க." செல்லத்தங்கம் கம்பிக்குள்ளால் கையை நீட்டினாள். போத்தல் மற்றக் கையில் இருந்தது. சிந்தாமல் கொண்டுவந்திருந்தாள். ஒரு காலமும் இல்லாத கவனம்.

மணவாளன் கொடுத்த பதிலைத்தான் நானும் கொடுத்தேன். உன்னை எனக்குத் தெரியாது என்றேன். என்னைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் வந்தது.

றபீக்காவை அலை ஒரு தென்னையில் சாத்திவிட்டுப் போனது. புருசன் ஸலாஹுதீனை இழந்து வரிப்பத்தான்சேனைக்கு, உம்மா வீட்டுக்குப் போனாள். சண்டைக் காலத்தில் ஒரு முஸ்லிம் பெண் தமிழ் வீட்டுக் கதையை வெளியில் கதைத்தால் இரண்டு ஊரும் பற்றி எரியும் என்று அவளுடைய ஆட்கள் வாயைக் கட்டினார்களாம். சண்டை முடிந்தது, திரும்பி வந்தாள், உங்களிடம் சொல்லியிருக்கிறாள். ஓம், சொன்னது அத்தனையும் உண்மை. எழுதித் தரச் சொன்னாலும் தருவேன்.

ஆனால் நீங்கள் இப்போது அதே அதிகாரத்தைத் திறந்து, கொஞ்சம் கீழே விரலை வைக்கிறீர்களே, அதுதான் நியாயமில்லை. அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்ற இடம். எனக்குத் தெரியாதா அது? மனப்பாடம்.

அது திங்கட்கிழமைப் பகுதி, ஐயா. சபையில் யாரையும் கேட்டுப்பாருங்கள். திங்கள் விடிந்ததும் கேற்றை விரியத் திறந்து, வந்த சனம் அத்தனையையும் மேல்மாடியில் ஏற்றினவன் நான்தான்.