வாய் கட்டிய மிஷின்

"நேத்து என்னை மிஷினா ஆக்கிட்டாங்கக்கா."

மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டுப் பெண் சொன்னாள். அவள் குதிகாலெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு. பக்கத்தில் டிபன் டப்பாவை மடியில் வைத்திருந்தவள் திரும்பினாள்.

"இன்னாடி சொல்றே?"

"இரும்பை கிராமத்துல டிராமா. பொம்பளைங்கள மிஷின் மாதிரி நடத்துறாங்கன்னு கதை. உப்புப் பாத்தித் தரை கெட்டிப்பட நாங்க வரிசையா மிதிக்கிறதை டைரக்டர் பார்த்துட்டாரு. அதையே மேடையில மிதிங்கன்னு கூட்டிட்டுப் போயிட்டாரு."

"தெரிஞ்ச வேலைதானே?"

"மிதிக்கறப்போ பேசக்கூடாதுன்னுட்டாரு. ஊர்க்கதை பேசிக்கிட்டே மிதிச்சாத்தானே எல்லார் காலும் ஒண்ணா வரும்? பேசாம மிதிச்சதுல ஒருத்தி காலை ஒருத்தி மிதிச்சிட்டோம். அப்பவும் சிரிப்பு வந்துடுச்சு. 'மிஷின் சிரிக்குமா?'ன்னு கத்தி, எல்லார் வாயிலயும் துணியைக் கட்டிட்டாரு."

"அய்யய்யோ! கதை எப்படி முடிஞ்சுது?"

"கடைசியில பொம்பளைங்க பொங்கி எழுந்து, 'எங்களைப் பேச விடுங்க'ன்னு கத்தணும்."

"கத்துனீங்களா?"

"எங்க கத்துறது? துணியை அவுக்கவே இல்லியே. எங்களுக்காக மெட்ராஸ்லேர்ந்து வந்த பொண்ணு ஒண்ணு கத்துச்சு. பாவம், நல்லாத்தான் கத்துச்சு."