அந்தோணியாருக்கு நேர்ந்த பச்சைக்குஞ்சு

— விடுலேங்கிறேன்! ஒரு பொம்பள கையில இருக்குற சேவலப் பிடுங்குறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?

— நீங்க விடுங்க அத்தை, றெக்கை பிஞ்சிரும். எங்க வீட்டுக் கூண்டுக்குள்ள கைய விட்டு எடுத்துட்டு என்னைய விடுங்கிறீகளே!

— யாரு வீட்டுச் சேவல்? ஏலே சவேரி, இந்த செபஸ்தியம்மா யாரு வம்புக்கும் போறவ இல்ல. ஆனா எம்பொருளு அடுத்த வீட்டு முத்தத்துல மேஞ்சா விடவும் மாட்டா. இது அந்தோணியாருக்கு நான் நேர்ந்து விட்ட பச்சைக்குஞ்சு. செவ்வாக்கெழம கோவில்ல கொண்டு போயி விட்டாகணும்.

— பச்சையா? கண்ணத் தொடச்சுட்டுப் பாருங்க. கொக்கு மாதிரி வெள்ளையா நிக்கிது.

— சாயம் போயிருச்சுலே! மீன்பிடித் தடைக்காலத்துல கலர்க்குஞ்சுக்காரன் வண்டியில மைக்கு கட்டிக்கிட்டு வந்தானே, மறந்துட்டியா? என்னோடது அம்புட்டும் பச்சை, ஒன்னோடது அம்புட்டும் ரோஸ். போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடந்துச்சு. நீ வேல இல்லாம வீட்டுக்கும் கரைக்கும் நடந்து செருப்பத் தேச்சுக்கிட்டு இருந்த. வண்டியப் பாத்ததும் ஒரு பெட்டியவே வாங்கிட்ட.

— சும்மா உக்காந்தா எனக்குக் காலு குறுகுறுங்கும். அதான் வாங்குனேன். நீங்க எதுக்கு வாங்குனீக?

— நீ வாங்குனியே! நாளைக்கு ஒன் வீட்டுல கோழி முட்டை போட்டு, நான் சொம்பத் தூக்கிட்டு வந்து நிக்கவா? அந்தப் பாவி விக்கிறது பூராவும் சேவக்குஞ்சுனு யாருக்குத் தெரியும்?

— அதெல்லாம் இருக்கட்டும். ஒங்க குஞ்சு அம்புட்டும் ஒரே வாரத்துல செத்துப் போச்சு. நாந்தான் கண்ணு வச்சேன்னு தெருவெல்லாம் சொன்னீக.

— கண்ணு படாமயா சாகும்? அட்டப்பெட்டியில போட்டு, மேல லைட்டு கட்டி, விடிய விடிய எரிய விட்டேன். கரண்டுக்குக் கணக்கே பாக்கல.

— எல்இடி லைட்டு! அது வெளிச்சந்தான் குடுக்கும், சூடு குடுக்காது. குஞ்சுக்கு வெளிச்சம் எதுக்கு, உக்காந்து ஜெபமாலை சொல்லவா? நான் மீன் அடைக்கிற தெர்மாகோல் பெட்டிக்குள்ள பழைய குண்டு பல்ப மாட்டுனேன். அந்த ஒரு பல்புக்குப் பாம்பன், மண்டபம், ராம்நாடுனு கட கடயா ஏறி எறங்குனேன். எல்லாரும் சிரிச்சாக.

— அந்தப் பல்பால தெரு என்ன பேசுச்சு தெரியுமா? கல்யாணமாகாத பய, ஆயி அப்பனும் இல்ல, ராத்திரியெல்லாம் உள்ள மஞ்ச வெளிச்சம், யாரோ வந்து போறாகன்னு...

— தெரு பேசல. நீங்க பேசுனீக.

— காதுல விழுந்தத சொன்னேன்.

— ஒங்க காதுல விழுறதுக்கு முன்னாடியே ஒங்க வாயில வந்துருதே, அது எப்படி அத்தை?

— பேச்ச மாத்தாத! ஒன் பெட்டியில எம்புட்டு பொழச்சுச்சு?

— ஒண்ணு. காக்கா தூக்குனது போக, கீரி கடிச்சது போக, இது ஒண்ணுதான். நான் கடலுக்குப் போயிட்டு வர்றப்பல்லாம் கொறஞ்சுக்கிட்டே போச்சு.

— ஒன்னோடது எல்லாம் செத்துப் போயி, இருக்குறது என்னோடதுலே! என்னோடதுல கடைசிக் குஞ்ச மட்டும் நான் பொணமாப் பாக்கல. மத்ததெல்லாம் போனப்புறம், அது ஒண்ணத்தான் கையில எடுத்து, காலுல செவப்பு நூலு கட்டி, 'அந்தோணியாரே, இது ஒனக்கு'ன்னு நேர்ந்து விட்டேன். விடிஞ்சு பாத்தா பெட்டியில காணோம். எங்க போயிருக்கும்? ரெண்டு வீட்டுக்கும் நடுச்சுவத்து ஓட்டை வழியா ஒங்கிட்ட வந்துருச்சு.

— இதுக்குக் காலுல நூலு இல்லையே.

— அத்துப் போயிருக்கும். குஞ்சுக் காலும் சேவக் காலும் ஒண்ணாலே? சரி, வா. வம்பு வேணாம். வெலயச் சொல்லு.

— விக்க மாட்டேன்.

— கிறிஸ்மஸுக்கு வெட்டித் திங்கப் போறியாக்கும்?

— வெட்டவும் மாட்டேன்.

— விக்க மாட்ட, வெட்ட மாட்ட, குடுக்கவும் மாட்ட! என்னலே, என்னமோ நீ நேர்ந்து விட்டவன் மாதிரியில்ல பேசுற!

— அதெல்லாம் இருக்கட்டும்.

— எது கேட்டாலும் இருக்கட்டும், இருக்கட்டும். இந்தா பாரு சவேரி. சண்ட போடத்தான் எனக்கு வாயி இருக்குனு நெனைக்காத. எம்புள்ளைக்கு மூணு சம்பந்தம் வந்து கலஞ்சிருச்சு. மொத வந்தவனுக்குப் பொண்ணு ஒசரமாம். அடுத்து வந்தவுக காப்பி நல்லாருக்குன்னு சொன்னாக, பொண்ணப் பத்தி வாயவே தெறக்கல. மூணாவது வந்தவன் ஆத்தாவுக்கு என் வாயி பிடிக்கலியாம். எனக்கு என்னலே வாயி?

— நான் ஒண்ணும் சொல்லலியே அத்தை.

— அங்கிட்டுப் பாத்து சிரிக்காத. இப்ப பாம்பன்ல இருந்து வாராக. மாப்பிள்ள கப்பல்ல வேல. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வந்து, கையோட பேசி முடிக்கப் போறாக. அந்தோணியாரு அவரு வேலய முடிச்சிட்டாரு. நான் சொன்னது சொன்னபடி செலுத்தலன்னா, இதுவும் வாசலோட திரும்பிரும். ராத்திரியெல்லாம் ஒறக்கம் வரலலே.

— ஞாயித்துக்கெழமயா?

— ஆமா. ஏன், ஒனக்கு எதுக்கு மூஞ்சி சுண்டுது? ஒன்னையும் சாப்பாட்டுக்குக் கூப்பிடத்தான் போறேன்.

— ஜோஸ்லினுக்குத் தெரியுமா?

— கட்டிக்கப் போறவளுக்குத் தெரியாமயா? நேத்துச் சொன்னேன். ஒரு வார்த்த பேசல. வெக்கம்.

— ஜோஸ்லினுக்கா, வெக்கமா?

— ஒரு எடத்துல நில்லுலே! சேவலக் கக்கத்துல வச்சுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தா எனக்குத் தலய சுத்துது. புயல் கூண்டு ஏத்திட்டாக, கடலுக்கு டோக்கன் குடுக்கல, அதுக்கு என் வீட்டு வாசலயா ஒழப்புற?

— அத்தை... இதக் கொண்டு போயி விட்டா, நேர்ச்சை பலிச்சிரும்ல?

— பலிக்கத்தானலே நேர்ந்தது!

— அப்ப குடுக்க மாட்டேன்.

— அட சேசுவே! கேட்டீகளா ஊர்ல உள்ளவுகளே! எம்புள்ள ஒரு எடத்துல போயி வாழ்றது இவனுக்குப் பொறுக்கல! ஏலே, போன தடைக்காலம் வரைக்கும் வாய் நெறைய சின்னம்மா, சின்னம்மான்ன. குஞ்சு வாங்குனதுல இருந்து அத்தை, அத்தைன்னு கொழையிற. நான் அப்பவே நெனச்சேன். இந்தச் சேவலுக்குத்தான இம்புட்டு நடிப்பு?

— சேவலுக்கு இல்ல.

— பின்ன எதுக்கு?

— என்னம்மா சத்தம்? கோவிலுக்கு மைக்கே வேண்டாம் போல, ஒன் கொரலு கரை வரைக்கும் கேக்குது.

— வாடி ஜோஸ்லினு, சரியான நேரத்துக்கு வந்த. நீதான அந்தக் குஞ்சுகளுக்குக் குருணை போட்ட. பயப்படாமச் சொல்லு. இந்தச் சேவல் பச்சையா, ரோஸா?

— எது, இந்தச் சேவலா?

— சொல்லுடி!

— பச்சை.

— ஜோஸ்லின், என்ன சொல்ற நீ?

— பச்சைனு சொல்றேன்ல. அன்னைக்கு ராத்திரி பெட்டிக்குள்ள வெறச்சுப் போயிக் கெடந்துச்சு. நாந்தான் துண்டுல சுத்திச் சுவத்துக்கிட்ட கொண்டு வந்தேன். நீங்க வாங்கி பல்புக்குக் கீழ வச்சீக. ஞாபகம் இல்ல?

— அது வந்து...

— ஞாபகம் இருக்குனு சொல்லுங்க.

— இருக்கு.

— கேட்டியால! எம்புள்ள வாயில பொய் வராது. இரு, இரு. ஏடி, ராத்திரியில சுவத்துக்கிட்ட ஒனக்கு என்ன சோலி?

— குஞ்சு குளுருதுன்னு போனேன்.

— ஒரு நாளா, ரெண்டு நாளா?

— குஞ்சு தெனமுந்தாம்மா குளுரும். சரி, முடிஞ்சுதா? இப்ப நான் கேக்குறதுக்கு நீ சொல்லு. அந்தோணியாருகிட்ட நீ என்னனு நேர்ந்த? கூட்டாம கொறைக்காமச் சொல்லு.

— 'அந்தோணியாரே, எம்புள்ளைக்கு ஒரு நல்ல மாப்பிள்ளையக் காட்டும், இந்தக் குஞ்சு பெருசானதும் ஒம்ம கோவிலுக்குக் கொண்டாரேன்'னு.

— பாம்பன்னு சொன்னியா?

— அப்ப அவுக யாருனே தெரியாதே.

— கப்பல்ல வேலன்னு?

— மாப்பிள்ளனுதான்டி சொன்னேன், மாப்பிள்ளனு!

— அம்புட்டுத்தான? அப்ப நேர்ச்சைய நானே செலுத்துறேன். குடுங்க சேவல.

— குடுத்துத்தான் ஆகணுமா ஜோஸ்லின்?

— குடுங்க. இது எதுக்குப் போகுதுன்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பூச முடிஞ்சதும் கோவில் வாசல்ல ஏலம் விடுவாக. வேணும்னா வந்து எடுத்துக்கங்க.

— எஞ்சேவல நானே ஏலம் எடுக்கணுமா?

— ஆச இருந்தா எடுப்பீக.

— அவன் எதுக்குடி வரணும்? ஏலே, அந்தப் பக்கம் ஒன் தல தெரிஞ்சுது...

— அம்மா, சேவல் காலப் பிடி. நட.

* * *

— ஹலோ... ஜோஸ்லினு? கேக்குதாடி? நீங்க குடிபோன காரங்காட்டுல டவர் இருக்கா, இல்ல அலையாத்தி மரத்து மேல ஏறி நின்னு பேசுறியா?

— கேக்குதும்மா. மெதுவாப் பேசு. இன்னைக்கு டூரிஸ்ட் கூட்டம். அவரு போட்டு ஓட்டிட்டு வந்து இப்பத்தான் கண்ணசந்தாரு.

— அவனா? காலு குறுகுறுக்குறவன் படுத்துட்டானா? கல்யாணம் பண்ணி வச்சதுல அதாச்சும் நடந்துச்சே.

— நீ எங்க பண்ணி வச்ச?

— பின்ன? பாம்பன்காரக வந்து உக்காந்துருக்காக, ஏலத்துல எடுத்த சேவலக் கட்டிப் போடாம விட்டான் பாரு, அது சுவத்தத் தாண்டி வந்து மாப்பிள்ள தகப்பன் மிச்சர் தட்டுல ஏறி நின்னுச்சு. பிடிக்க வந்தவன் கைய நீ பிடிச்சுக்கிட்டு, 'கட்டுனா இவரத்தான்'னு சபையில சொல்லிட்ட. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிரலாம்னு இருந்துச்சு.

— போகலியே. மறுநாளே தெருவுல நின்னு பேசுன.

— மானத்தக் காப்பாத்தணும்ல! 'எல்லாம் என் நேர்ச்சை, அந்தோணியாரு மாப்பிள்ளையப் பக்கத்து வீட்டுலயே காட்டிட்டாரு'ன்னு வீடு வீடாச் சொன்னேன். இப்ப பொண்ணு வச்சிருக்கவுக எல்லாம் எங்கிட்ட வந்து, எப்படி நேர்ந்தீகன்னு கேட்டுட்டுப் போறாக. அந்தப் பாம்பன் பயலுக்கும் மண்டபத்துல ஒரு டீச்சரு அமஞ்சிருச்சாம். நான் விசாரிக்கல, காதுல விழுந்துச்சு. சேவல் எப்படி இருக்கு?

— போட்டு முன்னால அணியத்துல ஏறி நிக்கிது. வாரவுகல்லாம் அதோட போட்டோ எடுக்குறாக. எதுக்குக் கூப்பிட்டன்னு சொல்லும்மா.

— கலர்க்குஞ்சு வாங்கிருக்கேன்.

— மறுபடியுமா!

— தெருவே வாங்குது, நான் மட்டும் கையக் கட்டிக்கிட்டு நிக்கவா? அதுல ஒண்ணு நேத்துச் செத்துப் போச்சு. முருங்க மரத்து மூட்டுல பொதைக்கலாம்னு தோண்டுனேன். ஒரு சோப்பு டப்பா தட்டுப்பட்டுச்சு.

— ...

— என்னடி, டவர் போச்சா?

— இருக்கு. சொல்லு.

— உள்ள குச்சி மாதிரி எலும்பு. அதுல ஒண்ணுல செவப்பு நூலு. முடிச்சு என் முடிச்சு. வலயப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுன கையி, எனக்குத் தெரியாதா? நேத்துல இருந்து சோறு எறங்கல. உண்மையச் சொல்லு. சுவத்துக்கு அங்கிட்டு நீ குடுத்தது எந்தக் குஞ்சு?

— குடுக்கவே இல்லம்மா. கொண்டு போறதுக்குள்ள துண்டுலயே செத்துப் போச்சு. நான் அங்கனயே நின்னு அழுதேன். அவருதான் சுவரேறிக் குதிச்சு வந்து குழி தோண்டுனாரு.

— எங்க வீட்டு முத்தத்துல வந்து குழி தோண்டிட்டுப் போயிருக்கான், எனக்கே தெரியாம! நான் என்னத்தடி பாத்துக்கிட்டு இருந்தேன்?

— நீ அவரு வீட்டு பல்பப் பாத்துக்கிட்டு இருந்த.

— அப்ப கோவில்ல விட்ட சேவல்?

— அவரோட ரோஸ் குஞ்சு. அன்னைக்கு ராத்திரியே அத என் கையில வச்சுக் காட்டி, 'நானும் இத அந்தோணியாருக்குத்தான் நேர்ந்து வச்சிருக்கேன்'னாரு.

— அவன் என்ன கேட்டு நேர்ந்தானாம்?

— ஒன்னைய இனிமே சின்னம்மான்னு கூப்பிடாம, அத்தைன்னு கூப்பிட வழி காட்டணும்னு.

— மாதாவே! அப்ப பலிச்சது அவன் நேர்ச்சை. என்னோடது சோப்பு டப்பாவுக்குள்ள கெடக்கு!

— ஆமாம்மா.

— ஏடி ஜோஸ்லினு... மாப்பிள்ளைய எழுப்பு. அந்தக் குண்டு பல்ப எங்கன வச்சாருன்னு கேளு. இருக்குறதுல ஒண்ணையாச்சும் சேவலாக்கி, ஒரு நா விடியிறதுக்கு முன்னாடி கோவில்ல கொண்டு போயி விட்டுட்டு வந்துர்றேன். இத மட்டும் யாருகிட்டயும் மூச்சு விட்டுராத, தெருவுல எல்லாம் ஒரு மாதிரி பேசுவாளுக.