சின்னசேலத்துக்கு வராத முதல் வண்டி

— விடிகாலையில கெளம்புற மொத வண்டிக்கு இன்னா பேரு, ஜெயசுதா?

— ஷிஹட்சு.

— வண்டி மாறி ஏறுறதுக்கு?

— நோரிகாயே. விருத்தாசலத்துல எறங்கி மெட்ராஸ் வண்டி புடிக்கப் போறமே, அதுதான். போதுங்க. ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல, கண்ணு எரியுது.

— பரீட்சைக்குப் போறவ, படிச்சாதான ஆவும். ஜப்பான்காரன் இதெல்லாமா கேப்பான்?

— கேப்பாங்க. அங்க வயசானவங்களப் பாத்துக்குற வேலைக்கு இருட்டோட கெளம்பணுமாம். ஒரு பாடம் முழுக்க இதேதான்.

— மூணு வருசம் அவங்களப் பாத்துக்குவ. இங்க பாப்பாவ?

— மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. வண்டி ஏன் இன்னும் வர்ல? போய் கேட்டுகினு வாங்க.

— இன்னிக்கு வராதாம். தலைவாசலாண்ட தண்டவாளத்துல உக்காந்துகினாங்களாம். எடஒதுக்கீடு மறியல்.

— யார கேட்டீங்க? வந்ததுலேர்ந்து இந்த பெஞ்ச வுட்டு நீங்க எழுந்திருக்கவே இல்லியே.

— போன்ல போட்டிருந்தாங்க. நம்ம பசங்க குரூப்புல.

— எப்ப?

— நேத்து சாயங்காலம்.

— அதான் நான் பஸ்ஸுல போலாம்னப்ப, டிரெயினுதான் சௌகரியம்னு சொன்னீங்களா?

— நானும் அங்க போய் உக்கார வேண்டியவன்தான். நம்ம புள்ள நாளைக்கு ஒரு வேலைக்குப் போவணும்னுதான அவங்க உக்காந்திருக்காங்க.

— நானும் அவளுக்குன்னுதாங்க போறேன்.

— நீ இல்லாத வூட்டுல எப்புடி இருக்குறதுன்னு எனக்குத் தெரியல, சுதா. நெனச்சாலே பயமா இருக்குது.

— தெரியும். பாண்டிச்சேரி இண்டர்வியூக்குக் கெளம்புனப்ப வழியில பெட்ரோல் தீந்துச்சு. அதுக்கு முந்தி பைக் சாவி காணாமப் போச்சு. ஒங்க கூட சண்டை போட எனக்குத் தெம்பு இல்லீங்க.

— இனிமே பஸ் புடிச்சாலும் நேரத்துக்குப் போவ முடியாது. அடுத்த வருசம் எழுதிக்கலாம். எழுந்திரு, வூட்டுக்குப் போலாம்.

— போலாம். சாயங்காலம் எங்க அண்ணன் வந்து என்னைக் கூட்டிகினு பஸ்ஸுல மெட்ராஸ் போவும்.

— எதுக்கு? பரீட்சதான் போச்சே.

— பரீட்ச இன்னிக்கு இல்லீங்க, நாளைக்கு. ஒங்ககிட்ட மட்டுந்தான் ஒரு நாள் முந்துன தேதியச் சொன்னேன்.