பிள்ளைகளைப் பிடிக்கும் கிழவி

மூக்குதான் தொல்லை, ஐயா. கண்ணை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். மூக்கு கொஞ்சம் பிசகினால் போதும், அண்ணன் மூஞ்சி தம்பி மூஞ்சியாகிவிடும். இதைச் சொல்லத்தான் வந்தாயா என்று பார்க்கிறீர்கள். இதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நீங்கள் பிடித்து வைத்திருக்கும் பையன்கள் அவளை அடித்தார்கள், வாஸ்தவம். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டீர்கள், அதுவும் சரி. ஆனால் சாட்சி என்கிற வார்த்தை எனக்குக் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது.

என் பெயர் ரகுபதி. தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். எங்கள் தெருமுனையில், ரயில் பாதையை ஒட்டி, ஒரு கிடங்கின் நீளமான மதில் இருக்கிறது. ரொம்ப நாளாக அது பிறந்தநாள் வாழ்த்து எழுதுகிறவர்களுக்கும் அவசரத்துக்கு ஒதுங்குகிறவர்களுக்கும்தான் சொந்தமாக இருந்தது. அப்புறம் ஓர் அறக்கட்டளை அம்மையார் வந்தார். கொடுங்கையூரிலிருந்து வந்த குப்பைப் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே, இந்த மக்களுக்குக் கனவு வேண்டும் என்றார். குப்பைமேட்டை நகர்த்துவது கஷ்டம், கனவென்றால் சுவரில் அடித்துவிடலாம் பாருங்கள். தேவதைக் கதைக் காட்சிகளாக இருக்க வேண்டும், முகங்கள் மட்டும் உள்ளூர்க்காரர்களுடையதாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கீழே நல்ல தமிழில் ஒரு வரி வேண்டும் என்றார். வரைகிற வாய்ப்பு எனக்கு வந்தது.

பிரியாணிக் கடை மொஹ்சின் பாய் ராஜா ஆனார். தொப்பையைக் குறைத்தால்தான் நிற்பேன் என்றார், குறைத்தேன். அழகு நிலையத்தில் வேலை செய்யும் பெர்சிஸ், ஏழு கடலுக்கு அப்பால் சிறையிருக்கும் இளவரசி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஸ்டானிஸ்லாஸ் அரக்கன். அதில் அவர் மனைவிக்குப் பரம திருப்தி. குணசுந்தரியை மயில் படகில் போகும் மகாராணியாக வரைந்தேன்.

செத்துப்போன குணசுந்தரிதான், ஐயா. எங்கள் தெருவில் புருஷனும் பெண்டாட்டியும் விடிந்ததும் வேலைக்கு ஓடுகிற வீடுகளே அதிகம். அந்த வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிச் சேர்த்து, ரயில்வே கேட்டைத் தாண்டிப் பள்ளியில் விடுவதும், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவதும் அவள் பிழைப்பு. அவளுக்குக் கை இரண்டுதானே, மிச்சப் பிள்ளைகள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரும். அப்படி ஒரு படையோடு வந்துதான் என் மகாராணியைப் பார்த்தாள்.

"இன்னா மாஸ்டர் இது? எங்க நாத்தனா கண்ணாலத்துக்குக் கெளம்பினாப்ல கீது. இதுல நான் எங்க கீறேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தன. அந்தத் தைரியத்தில் பெர்சிஸ், "எங்கம்மா கூட என் படத்தப் பாத்துட்டு இது யாருன்னு கேட்டுச்சு மாஸ்டர்" என்றாள். மொஹ்சின் பாயும் தாடியைத் தடவிக்கொண்டு, தானும் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தாராம். அன்றையிலிருந்து அந்தப் பிள்ளைகள் எனக்கு 'யாரு மாஸ்டர்' என்று பெயர் வைத்தன. பெயர் என் பள்ளிக்கூடம் வரை வந்து சேர்ந்தது. ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் நானே அதை அழித்தேன்.

நான் கோபக்காரன் இல்லை. மகாராணியின் மேல் நிதானமாக வெள்ளை அடித்தேன். அதே இடத்தில், தூங்காத பிள்ளைகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிப் போகும் கிழவியை வரைந்தேன். எந்த ஊர்க் கதையிலும் இருக்கிறவள்தானே, புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அந்த முறை மூக்கு ஒரே இழுப்பில் வந்து உட்கார்ந்தது, ஐயா. மேல்வரிசைப் பல் இடுக்கு, சிரிக்கும்போது சுருங்குகிற இடக்கண், எல்லாம் தானாக வந்தன. தோளில் சாக்கு, அதற்கு வெளியே இரண்டு சின்னக் கால்கள். கீழே 'பிள்ளைகளைப் பிடிக்கும் கிழவி' என்று எழுதினேன். பார்த்தவர்களில் ஒருவர் கூட இது யாரு என்று கேட்கவில்லை.

"எனக்குத் தலகூட நரைக்கல, நான் கெய்வியா? கீய இன்னா மாஸ்டர் எழுதிக்கீற?" என்று கேட்டாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்களப் பிடிக்காதா?"

"புடிக்கும். அதுக்கின்னா?"

"அதத்தான் எழுதியிருக்கேன்."

தமிழில் அது ஒரே சொல். ஆசை வைத்தாலும் பிடிக்கும், எட்டி அமுக்கினாலும் பிடிக்கும். எந்த நீதிபதி வந்தாலும் அந்த வரியில் பிழை காண முடியாது. அவளும் யோசித்துவிட்டுச் சிரித்தாள். தன்னை ஒருவன் வேண்டுமென்றே கேவலப்படுத்துவான் என்று நினைக்கிற புத்தி அவளுக்குக் கிடையாது.

அப்போதுதான் செல்போன்களில், வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று குரல் பதிவுகள் சுற்ற ஆரம்பித்தன. நான் என் கிழவியைப் போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டேன். வேறொன்றும் எழுதவில்லை, என் கையெழுத்து தெரிகிற மாதிரி எடுத்தேன், அவ்வளவுதான். சில நாளில் அதே படம் எனக்கே திரும்பி வந்தது. 'உஷார், இவளைக் கண்டால் விடாதீர்கள்' என்று யாரோ மேலே சேர்த்திருந்தார்கள். கையெழுத்தை வெட்டிவிட்டிருந்தார்கள், அதில் எனக்கு மனவருத்தம்தான். அனுப்பியவர் எண்ணூர்க்காரர். இது வெறும் சுவர்ப்படம், நான்தான் வரைந்தேன் என்று பதில் போட்டிருக்கலாம். ஆனால் எண்ணூர் வரை போய்விட்டதே என்கிற சந்தோஷம் எனக்கு. திருவொற்றியூர்த் தங்கையிடம் அங்கேயும் வந்ததா என்று விசாரித்தேன். வந்திருந்தது.

குணசுந்தரி மறுபடி வந்தாள். இந்தத் தடவை பிள்ளைகள் கூட இல்லை.

"மாஸ்டர், அத அழிச்சுடு மாஸ்டர். நேத்து பஸ்ல ஒரு பொம்பள என்னியப் பாத்துட்டு கொயந்தைய மடில இஸ்த்து வச்சிகிச்சு. ரெண்டு பேரு போன எடுத்துப் பாக்கறானுங்க. ஒரே பேஜாரா கீது. பயமாக்கீது மாஸ்டர்."

மதிலின் திறப்பு விழா முடியட்டும், அழித்துவிடுகிறேன் என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அழிக்க அரை வாளி சுண்ணாம்பு போதும், வீட்டிலேயே இருந்தது. ஆனால் ஐயா, நீங்களே சொல்லுங்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு முகம் சரியாக வந்திருக்கிறது, அதை எப்படி அழிப்பது?

அவள் செத்த அன்று காலை எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, கொருக்குப்பேட்டையில் புதிதாகக் குடிவந்த வீட்டுக் குழந்தை ஒன்றைக் கூட்டி வந்திருக்கிறாள். குழந்தைக்கு அவளோடு முதல் நாள், அழுதுகொண்டே வந்திருக்கிறது. கேட்டருகே வேற்றுத்தெருப் பையன்கள் மடக்கினார்கள். கையிலிருந்த போனில் என் படம். அதில் ஒரு புத்திசாலி, சுவரிலேயே ஒத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறான். இழுத்து வந்து படத்தின் பக்கத்தில் நிறுத்தினார்கள். தெருவில் வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். மொஹ்சின் பாய் கடை திறக்கவில்லை. எதிர் டீக்கடைக்காரர் பீகார்க்காரர், வடக்கத்தி ஆள் என்று தன்னையும் சேர்த்துச் சாத்துவார்களோ என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அன்றைக்கு எனக்கு மதியம்தான் வகுப்பு, வெளியே பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணாத்த, நீதான இத்த வரைஞ்ச? இவதானா அது?" என்று கேட்டான் ஒருவன்.

"மாஸ்டர், நான் யாருன்னு சொல்லு மாஸ்டர்" என்றாள் அவள்.

இரண்டு கேள்வி ஒரே நேரத்தில் வந்தது. நான் முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். "ஆமா, இவங்கதான்" என்றேன். இவள் என்று சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னேன். பொய்யும் சொல்லவில்லை. முன்பின் பார்த்திராத பையன்கள் என் படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்து, அப்படியே அச்சு என்று சொன்னார்கள். அதைக் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறவர் என்று இரண்டாவது கேள்விக்கும் ஒரு வரி போதும். சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் நடந்துவிட்டது என்றெல்லாம் அளக்க மாட்டேன். வாயெடுக்கவில்லை. டீயைக் குடித்தேன். அந்தக் குழந்தை குணசுந்தரியின் காலைக் கட்டிக்கொண்டு, விடுங்க விடுங்க என்று பையன்களைப் பார்த்துக் கத்தியது. பிடித்துக்கொண்டு போகிறவள் காலை எந்தக் குழந்தை கட்டிக்கொள்ளும்? அவர்களுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தெருவாசிகள் ஓடிவந்து சேர்ந்தபோது, முகத்தைப் பார்த்து அவளென்று சொல்ல முடியாத நிலையில் கிடந்தாள்.

இதையெல்லாம் நீங்கள் கேட்காமலே ஏன் சொல்கிறேன் என்றால், நாளைக்கு மதில் முழுக்க வெள்ளை அடிக்கப் போகிறார்களாம். அறக்கட்டளை அம்மையாருக்குக் கனவு போதுமென்று ஆகிவிட்டது. தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டேன். நான் வெறும் சாட்சியென்றால் அந்தப் படம் வெறும் படம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்கிறார். குற்றத்துக்கு உதவிய பொருளென்று ஆகிவிட்டால் வழக்கு முடியும்வரை யாரும் தொட முடியாதாம். வழக்குகள் எவ்வளவு காலம் நடக்கும் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் கேவலப்படுத்தத்தான் வரைந்தேன். ஊர் பதறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துதான் குரூப்பில் போட்டேன். அவள் கும்பிட்டுக் கேட்டும் தெரிந்தேதான் அழிக்காமல் வைத்திருந்தேன். இவங்கதான் என்று சொன்னால் உயிரோடு விடமாட்டார்கள் என்பதும் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்குமுன் ஒரு கான்ஸ்டபிளை இப்போதே மதிலுக்கு அனுப்பிவிடுங்கள், ஐயா. அவள் மகன் எழிலன் நாளை வரை பொறுக்க மாட்டான், சுண்ணாம்பு வாளியோடு அங்கே நிற்கிறான். முதலில் முகத்தில்தான் அடிப்பான். அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.