சுண்ணாம்புக்குள் எழுந்த சாட்சி

படம் தொடங்கிய பிறகே இருக்கை தேடும் வழக்கமுடைய எங்கள் தலைவர் அவர்களே, பால்கனியில் கம்பீரமாக அமர்ந்து பார்த்த பெரியோர்களே, தரைச் சீட்டிலிருந்து அவர்களைவிட ஓங்கிக் கைதட்டிய தோழர்களே, இருட்டில் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் ஒன்றும் அறியாதவர்போல் உலை வைத்த தாய்மார்களே, இடிக்கப்படாத இந்தத் திரையரங்கின் இடிக்கப்படாத கூரையின் கீழ் உங்களை வணங்குகிறேன்.

பொறுங்கள், கைதட்டாதீர்கள். என் குற்றத்தை இன்னும் சொல்லவில்லை.

இந்த அரங்கை இடிக்க நகராட்சியில் நாள் குறித்தார்கள். எதை இடிக்க? செங்கல்லையா, நம் சிரிப்பையா? சுவரையா, நம் சுகதுக்கத்தையா? எழுபத்தைந்து ஆண்டுகளாக இங்கே படம் ஓடியதற்குச் சான்று காட்டினால் காப்போம் என்றார்கள். உரிமையாளர் பெட்டியைத் திறந்தார். பத்திரங்களைக் கறையான் தின்று ஏப்பம் விட்டிருந்தது.

அப்போது ஆபரேட்டர் அண்ணன் சொன்னார்: "சாட்சி மேல என் ரூம்ல இருக்கு. அதிகாரியக் கூட்டிட்டு வாங்க."

ஏதோ காகிதம் என்று நினைத்தேன். ஐம்பது ஆண்டுகள் படம் பார்த்தவன், ஒருநாளும் அந்தப் படிகளில் ஏறியதில்லை. அதிகாரி வரும் நாளில் அரங்கம் பளிச்சென்று இருக்க வேண்டாமா? பாதுகாப்புக் குழுச் செயலாளன் நான், மூலை முடுக்கு விடாமல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். அடித்தவர்களும் விடவில்லை.

அதிகாரி அம்மாவோடு மேலே போனோம். அறை பால்போல் வெளுத்திருந்தது. அந்தச் சுவர்தான் சாட்சி. படம் காட்டும் விளக்கில் எரிந்து மிஞ்சிய கார்பன் துண்டால், ஒவ்வொரு ஆபரேட்டரும் புதுப்படத்தின் முதல் நாளில் தேதி போட்டு ஒரு வரி எழுதிய சுவர்.

"யாரு இந்த வேலையப் பாத்தது?" என்று என்னைக் கேட்டார் ஆபரேட்டர் அண்ணன்.

"நான்தான்."

"கண்ண வித்துச் சித்திரம் வாங்கிட்டீங்களே."

அதிகாரி கோப்பை மூடினார். அண்ணனுக்கு ஆத்திரம். தீப்பிடித்தால் அணைக்கத் தொங்கும் சிவப்பு வாளியை எடுத்து என்மேல் வீசினார் தண்ணீரை. நான் குனிந்தேன். இந்தப் போராட்டத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

சுவர் நனைந்தது. நனைந்த சுண்ணாம்புக்குள் கறுப்பாக எழுத்துகள் எழுந்தன.

"காஞ்சா மறைஞ்சிரும், தண்ணி கொண்டாங்க" என்றார் அண்ணன். தெருக்குழாயிலிருந்து படி வரை, படியிலிருந்து அறை வரை கைக்குக் கை மாறி வந்தன வாளிகள். யார் கைகள்? இதோ, முன்வரிசையில் வெட்கப்படும் இந்தத் தாய்மார்களின் கைகள். சுவர் நனைய நனைய அதிகாரி படம் எடுத்தார். உச்சியில் இருந்த வரியை, எழுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய வரியை, உரக்கப் படித்தார்.

"முதல் ஆட்டம். படம் இரண்டு தடவை அறுந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை."

அரங்கம் பிழைத்தது. நம் படமும் இரண்டு தடவை அறுந்தது, தோழர்களே. ஒருமுறை கறையானால், ஒருமுறை என்னால். நீங்கள் எழுந்து போனீர்களா?

இல்லை என்கிறீர்கள். தெரியும், இருந்தும் உங்கள் வாயால் கேட்க ஆசை.

வாளி சுமந்த கைகளுக்கு நன்றி. குறி தவறிய அண்ணனின் கைக்கு இரட்டை நன்றி. விளக்குகளை அணையுங்கள், படம் தொடங்கட்டும். வணக்கம்.