கறுப்பு வயரை வைத்த இடம்

பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி. பட்டறையில் ‘மீட்டர்’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன். வயது ஐம்பத்திரண்டு. முகவரி, அச்சகத்துக்கு மேலே இரண்டாம் மாடி, பின்பக்க வீடு. தொழில், மின்சாரச் சக்கர நாற்காலி செய்யும் பட்டறையில் சோதனைப் பிரிவுப் பொறுப்பாளர். பிரிவில் என்னைத் தவிர ஆள் கிடையாது என்பதால் என்மேல் எனக்கு நல்ல அதிகாரம் உண்டு. பட்டறை முதலாளி என் அக்காவின் கணவர். நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

நாற்காலியின் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உள்ள போர்டில் நான்கு டிரான்சிஸ்டர்கள், மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று கால், அதில் ஒன்று கேட், ஒன்று சோர்ஸ். சோர்ஸைவிட கேட்டில் பன்னிரண்டு வோல்ட் அதிகம் இருந்தால் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கும். குறைந்தால் அரைகுறையாகத் திறந்து, சுமை ஏறும்போது உள்ளேயே வேகும். இதை இருபத்து மூன்று வருடமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வகுப்பெடுத்திருக்கிறேன். கேட்காதவர்களுக்கும் எடுத்திருக்கிறேன்.

அளக்கும்போது மீட்டரின் கறுப்பு வயரை அந்தந்த டிரான்சிஸ்டரின் சோர்ஸில் வைக்க வேண்டும். கீழே உள்ள இரண்டுக்கு அது பேட்டரி மைனஸ்தான். மேலே உள்ளவற்றின் சோர்ஸ் ஓட்டத்தில் இருபத்து நான்கு வோல்ட்டில் நிற்கும் என்பதால் கறுப்பை அங்கே நகர்த்தியாக வேண்டும். நான் காலையில் கறுப்பை மைனஸில் கிளிப் போட்டு மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவேன். மேலே முப்பத்தாறு காட்டும், மனசுக்குள் இருபத்து நான்கைக் கழித்துக்கொள்வேன். குனிவதைவிடக் கழிப்பது என் இடுப்புக்கு நல்லது.

ஆறு மாதத்துக்கு முன் மேல் கேட்டுகளுக்கான பன்னிரண்டு வோல்ட் சப்ளை யூனிட் சந்தையில் கிடைக்கவில்லை என்று முதலாளி ஆறு வோல்ட் யூனிட்டைப் போடச் சொன்னார். அதன் பிறகு மேலே முப்பது காட்டியது. கழித்தால் ஆறு. சோதனைத் தாளில் ‘கேட் வோல்ட்டேஜ் குறைந்தது 12’ என்று அச்சடித்திருக்கிறது. நான் தாளை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

“பன்னெண்டு கேக்குது, முப்பது வருது. இன்னும் என்ன மாப்ளே வேணும் உனக்கு?” என்றார்.

“தாராளம்தான் அத்தான்,” என்றேன். தெரிந்தே சொன்னேன். தாளில் ‘30, சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சோதனை மேசையில் சக்கரம் அந்தரத்தில் சுற்றும், சுமை கிடையாது. எல்லாம் தேறியது.

அதன் பிறகு ஒரு நாள், போர்டுகளில் டிரான்சிஸ்டர் கால்களுக்கு ஈயம் வைத்து ஒட்டும் அம்மா ஒரு நாற்காலியில் தானே உட்கார்ந்து கிடங்குச் சரிவில் இரண்டு முறை ஏறிவிட்டு வந்து, “அண்ணே, மேல ரெண்டும் தொட முடியல, சுடுது,” என்றார்.

“ஏறி உக்காந்தது யாரு? நீங்க கொஞ்சம் எளைச்சா அதுவும் ஆறிடும்,” என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு.

அதன் பிறகு, சென்ற மாதம், எங்களிடம் வாங்கிய நாற்காலியில் ஒரு தையற்காரர் ஆஸ்பத்திரிச் சரிவில் ஏறும்போது பாதியில் போர்டு எரிந்து, மோட்டாரின் பிடி விட்டு, நாற்காலி பின்னோக்கி ஓடிச் சுவரில் மோதியது. அவர் இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. நடக்க முடியாததால் நாற்காலி வாங்கியவர். இனி உட்காரவும் முடியாது என்று டாக்டர் சொன்னதாக அறிகிறேன்.

முதலாளி ஈயம் சரியாக ஒட்டவில்லை என்று உங்களிடம் சொன்னார். என்னையும் கூப்பிட்டு, “ஈயம்தான் காரணம்னு ஒரே வரி எழுதிக் குடு. அக்கா முகத்தைப் பாரு,” என்றார். அக்காவின் முகத்தை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள் உங்கள் கோப்பில் உள்ளது. அது பொய்.

அதன் பிறகு எரிந்த போர்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். டிரான்சிஸ்டர் வெடித்துச் சிதறியிருந்தது. அதன் மூன்று கால்களும் அந்த அம்மா வைத்த ஈயத்தில் அப்படியே நின்றன. அதன் பிறகு வேறொரு போர்டை எடுத்து, மோட்டாருக்குச் சுமை கொடுத்து, கறுப்பு வயரைக் கழற்றி மேல் டிரான்சிஸ்டரின் சோர்ஸில் வைத்து அளந்தேன். ஆறு கூட வரவில்லை. ஐந்தே முக்கால்.

ஈயம்தான் குற்றவாளி என்றால் கெட்டது ஒரு நாற்காலி, போகப்போவது ஒரு அம்மாவின் வேலையும் மானமும். கேட் வோல்ட்டேஜ் என்றால் ஆறு வோல்ட் போட்டு விற்ற நாற்பத்தாறு நாற்காலி, நாற்பத்தாறு தாளிலும் என் கையெழுத்து. அந்த நாற்காலிகளின் எண்களை இணைத்துள்ளேன். யாரும் சரிவில் ஏற வேண்டாம் என்று இன்றே சொல்லி அனுப்புங்கள்.

எழுதும் அய்யா வேறு ஏதாவது உண்டா என்று கேட்டதால் சொல்கிறேன். நான் உள்ளே வரும்போது அந்த அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “வந்துட்டீங்களா அண்ணே, நீங்க சொன்னா கேப்பாங்க,” என்றார். நான் வழக்கம்போல் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஆகவே இதை அவருக்கு நீங்களே வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் பின்வாசல் வழியாகப் போகிறேன்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான், கூட்டியதும் இல்லை, கழித்ததும் இல்லை.

(ஒப்பம்)
சோதனைப் பிரிவுப் பொறுப்பாளர்